நான்கு பழைய தையலும் ஒரு புதுத் தையலும்

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் தானாக முளைத்ததல்ல. கேட்டு வாங்கப்பட்டது. உடல்நல மாத இதழ் ஒன்றை நடத்தும் என் பள்ளித் தோழன் போன் செய்து, "ஒரு கதை குடுடா. நல்ல சாப்பாடு, நல்ல பழக்கம், அந்த மாதிரி. படிச்சு முடிச்சதும் ஒரு கேரட்டை எடுத்துக் கடிக்கணும்னு தோணணும்" என்றான். நான் அப்போது ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தேன். "கண்டிப்பா தரேன்" என்றேன்.

நம்பிக் கேட்டுவிட்டானே என்று சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

'காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடும் அவன்—' (நானே நம்பவில்லை. விட்டுவிட்டேன்.)

'ஆரோக்கியம் என்பது—' (இப்படித் தொடங்கும் எதையும் நான் முழுதாகப் படித்ததில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.)

'அந்தக் கேரட்டை அவள் பார்த்தாள். கேரட்டும் அவளை—' (வேண்டாம்.)

அதற்குள் பாக்கெட் பாதி காலி. என் பேன்ட் இடுப்பில் பிடிக்க ஆரம்பித்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்தப் பேன்ட்தான் என்னைக் கதையிடம் கூட்டிக்கொண்டு போனது.

நான் போகும் தையற்கடை ஒரு கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, மூலை உடைந்த ஆளுயரக் கண்ணாடி, உடை மாற்றிப் பார்க்க ஒரு திரை. புதுத்துணி தைப்பதில்லை. பெரிதாக்குவது, சின்னதாக்குவது, ஜிப் மாற்றுவது, காலை மடித்துத் தைப்பது, இவ்வளவுதான் வேலை. கணவன் மனைவி இரண்டே பேர். அவர் மாஸ்டர். பொத்தான் துளைக்குக் கையால் காஜா எடுப்பதில் அவள் கெட்டிக்காரி, அதனால் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காஜா அக்கா.

அந்தக் கடையில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். இடுப்பைச் சின்னதாக்க வருகிறவர்கள் கேட்காமலே தங்கள் கதையைச் சொல்வார்கள்: காலையில் ஓடுகிறேன், சர்க்கரையை விட்டுவிட்டேன், ராத்திரி வெறும் பழம். பெரிதாக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வசனம்தான்.

"துவைச்சதுல சுருங்கிடுச்சு மாஸ்டர்" என்றேன் நான்.

"ஆமா சார், இப்ப வர்ற துணியெல்லாம் அப்படித்தான்" என்றார் மாஸ்டர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

காத்திருந்த நேரத்தில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு பழுப்புப் பேன்ட் கண்ணில் பட்டது. இஸ்திரிக்காக உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தார்கள். அதன் பின்தையலுக்குப் பக்கத்தில், பிரித்த பழைய தையல்களின் ஊசித்துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. நான்கு வரிசை. முதலில் தைத்தது ஒன்று. பிறகு மூன்று முறை பிரித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கியிருந்தார்கள். துணியின் விளிம்பு வரைக்கும் போய்விட்டது. ஆனால் இப்போது பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஐந்தாவது தையல், முதல் தையலையும் தாண்டி உள்ளே இருந்தது. அதாவது மூன்று தடவை பெரிதாக்கிவிட்டு, கடைசியில் பழைய அளவைவிடச் சின்னதாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஒரு பேன்ட்டை யாராவது இப்படிப் படுத்துவார்களா?

"இது யாருது மாஸ்டர்?"

"என்னுதுதான் சார்."

காஜா அக்கா நிமிரவே இல்லை. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இனி வருவது முழுக்க என் கைச்சரக்கு.

2

டாக்டரின் அறையில் மாஸ்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காஜா அக்கா பக்கத்தில். டாக்டர் சின்ன வயதுப் பெண். காகிதத்தைப் பார்த்துவிட்டு நேராகவே பேசினாள்.

"ரத்தத்துல சர்க்கரையோட மூணு மாசச் சராசரி எட்டு புள்ளி ஒன்பது இருக்கு. ஏழுக்குள்ள வந்தா எனக்கு நிம்மதி. இப்போதைக்குக் கண் நல்லாத்தான் இருக்கு. ஆனா சர்க்கரையை இப்படியே விட்டா கண்ணுக்கு ஆபத்து. உங்க பொழைப்பே கண்ணுலதானே?"

மாஸ்டர் தலையாட்டினார்.

"மாத்திரை தரேன். அது மட்டும் போதாது. தட்டுல பாதி காய், கால்வாசி பருப்போ முட்டையோ, கால்வாசி சோறு. உக்காந்து, போனைப் பார்க்காம, நல்லா மென்னு சாப்பிடுங்க. தினம் அரைமணி நேரம் நடங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம்."

மாஸ்டர் அதற்கும் தலையாட்டினார். இந்தத் தலையாட்டல் காஜா அக்காவுக்குப் பழக்கமானது. 'நாளைக்கே வேணும்' என்று வாடிக்கையாளர் கேட்கும்போது ஆடுகிற அதே தலை.

போன மாதத்திலிருந்து அவர் ஊசியைக் கையை நீட்டி வெளிச்சத்துக்குக் காட்டித்தான் நூல் கோக்கிறார். வயசு, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் பார்வை போய்விட்டால் கடை போகும் என்பதுகூட அவளுக்கு இரண்டாவதுதான். வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் டேப்பை எடுத்துச் சாப்பாட்டுத் தட்டை அளந்தார். பதினொரு அங்குலம். பழுப்புக் காகிதத்தில் வட்டம் வரைந்து, நாலாக மடித்து, கால் வட்டத்தை வெட்டி எடுத்தார். சட்டைக்கு வெட்டுவதைப்போலச் சோற்றுக்கு ஒரு பேட்டர்ன்.

"இந்த அளவைத் தாண்டாது. பாரு" என்றார்.

தாண்டவும் இல்லை. ஒரு வாரம் முழுக்கச் சோறு அந்தக் கால் வட்டத்துக்குள்ளேயேதான் இருந்தது. ஆனால் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது.

"என்னங்க இது?"

"ஏன், அளவு சரியாத்தானே இருக்கு?"

முப்பது வருடமாகத் துணியை அளந்தவருக்கு நீளம் தெரியும், அகலம் தெரியும். உயரம் என்று ஒன்று அவர் கணக்கிலேயே கிடையாது. ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. காஜா அக்கா கரண்டியின் பின்புறத்தால் அந்தக் குன்றை ஓர் அழுத்து அழுத்தினாள். சோறு சரிந்து தட்டு முழுக்கப் பரவியது.

"இப்ப அளந்து பாருங்க."

மாஸ்டர் டேப்பை எடுக்கவில்லை. தட்டையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். மறுநாளிலிருந்து பேட்டர்ன் போய், ஒரு சின்னக் கிண்ணம் வந்தது.*

*இந்த இடத்தை எழுதும்போது நானும் சிரித்தேன். என் பிஸ்கட்டுகளை நான் 'இரண்டு' என்றுதான் சொல்வேன். இரண்டு அடுக்கு என்பதைச் சொல்வதில்லை.

அடுத்தது சாப்பிடும் வேகம். மாஸ்டர் மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடிப்பார், ஒரு கால் மெஷின் மிதியிலேயே இருக்கும். என்ன காய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மென்று சாப்பிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. கடைசியில் கையிலிருந்த சட்டையைக் காட்டினாள்.

"ஒரு காஜாவை நான் அவசரமா எடுத்தா என்ன ஆகும்?"

"ரெண்டு துவைப்புல பிரிஞ்சிடும்."

"அப்ப? உள்ள போறதும் அப்படித்தானே? ஒவ்வொரு குத்தா போகட்டும்."

அன்றைக்கு அவர் மெஷினை விட்டு எழுந்து, இஸ்திரி மேசை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, "பீன்ஸா? நல்லா இருக்கே. எப்பலேருந்து இதெல்லாம் செய்யற?" என்று கேட்டார்.

"இருபத்தாறு வருஷமா."

3

இப்படி மூன்று வாரம். பதினொரு மணி கிரீம் பன் நின்றது. டீயில் சர்க்கரை நின்றது. என் தோழனின் இதழாக இருந்தால் இந்த இடத்தில் மாஸ்டர் ஐந்து கிலோ குறைந்து, கன்னம் மின்ன ஒரு படம் போட்டுவிடுவார்கள்.

ஆனால் மாஸ்டருக்கு எடை மெஷின் மேல் நம்பிக்கை கிடையாது. "காலையில ஒண்ணு சொல்லும், சாயங்காலம் ஒண்ணு சொல்லும். துணி பொய் சொல்லாது" என்பார். அவர் தனக்கென்று தைத்துக்கொண்ட ஒரே பேன்ட் அந்தப் பழுப்புப் பேன்ட். தைத்து ஆறு வருடம். இப்போது மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் பொத்தான் சேரும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அதைப் போட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். அதுதான் அவருக்குப் பரீட்சை.

மூன்றாவது ஞாயிறு. மூச்சை இழுத்தார், பொத்தானைப் போட்டார், மூச்சை விட்டார். பொத்தான் அதே பழைய முனகலோடு நின்றது.

"ஒரு நூல்கூட அசையல" என்று கட்டிலில் உட்கார்ந்தார். "மூணு வாரம் வாயைக் கட்டி என்ன பிரயோஜனம்? வர்றது வரட்டும், விடு."

"டாக்டர் மூணு மாசம்னாங்க. மூணு வாரத்துல என்ன தெரியும்?"

"துணிக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போகுது?"

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு 'இதோ வரேன்' என்று வெளியே போனவர் திரும்பி வந்தபோது மீசையில் கிரீம் இருந்தது. அவருக்குத் தெரியாது. அந்த வெள்ளைப் பொட்டைப் பார்க்கப் பார்க்க காஜா அக்காவுக்கு அழுகைதான் வந்தது. செவ்வாயும் அப்படியே. புதன் அன்று டீயில் சர்க்கரை திரும்பியது.

சனிக்கிழமை மதியம் மாஸ்டர் நூலும் ஜிப்பும் வாங்கக் கிளம்பினார். வர இரண்டு மணி நேரம் ஆகும். காஜா அக்கா கடையின் திரையை இழுத்துவிட்டு, பையிலிருந்து பழுப்புப் பேன்ட்டை எடுத்தாள்.

பின்தையலை பிளேடால் பிரித்தாள். உள்ளே மடித்துவிட்ட துணி முக்கால் அங்குலத்துக்கு இருந்தது. நல்ல தையற்காரர் பின்னால் உதவும் என்று விட்டுவைப்பது. அதில் கால் அங்குலத்தை மட்டும் வெளியே தளர்த்தி விட்டாள். மாஸ்டரின் மெஷினில், மாஸ்டரின் நூலில், அவர் வைத்திருந்த தையல் அளவை மாற்றாமல் தைத்தாள். வெளிப்பக்கம் பழைய மடிப்பின் தடம் தெரிந்தது. ஈரத்துணியில் கொஞ்சம் வினிகர் தெளித்து மேலே விரித்து இஸ்திரி போட்டாள். தடம் மறைந்தது. வினிகர் வாசனை போகட்டும் என்று வாசல் பக்கம் கொஞ்ச நேரம் விசிறினாள். கணவனின் பேன்ட்டைத் திருட்டுத்தனமாகத் தைத்த மனைவி உலகத்தில் தான் ஒருத்தி மட்டுமே என்று தோன்றியது.

ஞாயிறு காலை மாஸ்டர் வேண்டாவெறுப்பாகக் காலை நுழைத்தார். பொத்தான் முனகாமல் சேர்ந்தது. கண்ணாடியைப் பார்த்தார். எந்தப் பேன்ட்டைக் கையில் எடுத்தாலும் செய்வதுபோல, பின்தையலை ஒரு முறை கட்டைவிரலால் தடவினார்.

இடுப்புக்குள் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் லூசாத்தான் இருக்கு" என்றார். பிறகு பேன்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "நான் ஒரு நடை நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினார்.

அதுவரை அவர் ஒரு நாள்கூடத் தானாக நடக்கக் கிளம்பியதில்லை.

4

(இவ்வளவையும் தோழனுக்கு அனுப்பினேன். உடனே போன்.)

"ஏன்டா, பொண்டாட்டி புருஷனை ஏமாத்துறாளா? நம்ம இதழ்ல?"

"நல்லதுக்குத்தானே?"

"அன்பா எடுத்துச் சொல்ற மாதிரி மாத்து."

மாற்றிப் பார்த்தேன். [எழுதி அடித்துவிட்டது: "உங்க கண்ணு எனக்கு வேணுங்க" என்று அவள் தழுதழுத்த குரலில்—] காஜா அக்கா இப்படிப் பேசுகிறவள் இல்லை. நான் எழுதிய வசனத்தை அவள் வாயில் வைத்தால் துப்பிவிடுவாள்.

ஆனால் எனக்கும் அவள்மேல் சந்தேகம் இருந்தது, மறைக்கவில்லை. பொய்யான தளர்ச்சியை நம்பி அந்த மனிதர் 'குறைஞ்சுதான் போச்சே' என்று தினம் இரண்டு பன் சாப்பிட ஆரம்பித்தால்? கண் போன பிறகு யாரைக் குற்றம் சொல்வது? அவளையா, எழுதிய என்னையா? அன்றே அவள் உண்மையைச் சொல்லிவிடுவதாக ஒரு வடிவம் எழுதினேன். மாஸ்டர் கோபித்துக்கொண்டு பன் கடைக்குப் போனார். ஒரு முறையோடு அவள் நிறுத்திக்கொள்வதாக இன்னொன்று எழுதினேன். அடுத்த ஞாயிறு பேன்ட் அசையவில்லை. மாஸ்டர் மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தார். எப்படி எழுதினாலும் பன் கடை வாசலில்தான் போய் நின்றது. அதோடு நான் கடையில் பார்த்தது நான்கு பழைய வரிசை. கணக்குப்படி இன்னும் இரண்டு முறை பிரித்தாக வேண்டும்.

எனவே வேறு வழியில்லை. அக்கா, மன்னிக்கணும். திரையை இழுத்துவிடுங்கள்.

5

இரண்டாவது கால் அங்குலம் அடுத்த சனிக்கிழமை. மூன்றாவது அதற்கடுத்த சனிக்கிழமை.

மாஸ்டர் இப்போது காலையில் பஸ்ஸில் வருவதில்லை. நாலு நிறுத்தம் நடந்தே வந்தார். பதினொரு மணிக்கு டப்பாவைத் திறந்து வெள்ளரிக்காயும் வேகவைத்த கொண்டைக்கடலையும் சாப்பிட்டார். முதலில், ஏதோ தண்டனையை அனுபவிப்பதுபோல. பிறகு அது இல்லாவிட்டால் 'எங்க என் டப்பா?' என்று தேடும் அளவுக்கு. போனில் பேசிக்கொண்டே எதையாவது கொறிக்கும் வாடிக்கையாளர்களை ஒரு மாதிரி பார்க்கவும் ஆரம்பித்தார்.

காஜா அக்காவுக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. மூன்றாவது முறை பிரித்துத் தைத்தபோது ஊசி துணியின் விளிம்பை ஒட்டி ஓடியது. இனி விடுவதற்குத் துணி இல்லை. முக்கால் அங்குலமும் தீர்ந்தது. நாளைய ஞாயிறு தப்பிவிடும். அதற்கடுத்த ஞாயிறு பேன்ட் தளரவில்லை என்றால் அவர் மறுபடியும் 'வர்றது வரட்டும்' என்பார். இந்த முறை அவளிடம் சொல்ல ஒன்றும் இருக்காது, செய்ய ஒன்றும் இருக்காது.

அந்த வாரம் அவள் இரண்டு சட்டைகளுக்குக் காஜாவைத் தப்பான பக்கத்தில் எடுத்தாள். பிரித்து மறுபடி எடுத்தாள். மாஸ்டர், "என்ன ஆச்சு உனக்கு?" என்றார். "கண்ணு சரியில்ல" என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தையை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. அவள் சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே பாத்திரத்தை. அறையில் பீரோ திறக்கும் சத்தம். பேன்ட்டை உதறும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நீளமாக ஒன்றுமில்லை.

"இங்க வா."

போனாள். அவர் கண்ணாடி முன் நின்றிருந்தார். பொத்தான் போட்டிருந்தது. இடுப்புக்கும் துணிக்கும் நடுவில் நான்கு விரல்களை நுழைத்துக் காட்டினார்.

"போன வாரம் ரெண்டு விரல்தான் போச்சு" என்றார்.

காஜா அக்கா "அடுப்புல பால்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பில் பால் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. இந்த வாரம் அவள் அந்தப் பேன்ட்டைத் தொடவே இல்லை. இது அவருடையது. முழுக்க அவருடையது.

6

இங்கே கதை எனக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனது என் தப்பு. என் பேன்ட்டை வாங்கிக்கொண்டு, யாரோ கேட்கச் சொன்னதைப்போல ஆரம்பித்தேன்.

"மாஸ்டர், ஒரு பேன்ட்டோட பின்தையலைப் பிரிச்சு, கால் அங்குலம் விட்டு, அதே நூல்ல அதே மெஷின்ல தைச்சா, முதல்ல தைச்சவருக்குத் தெரியுமா?"

"தெரியாம? கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவினாலே தெரியும் சார். அவனவன் துணியை இழுத்துப் பிடிக்கிற பிடி வேற. என் தையல் எனக்குத் தெரியாதா?"

என் கதை அந்த நிமிடமே பிரிந்தது. மூன்றாவது பகுதியில் அவர் கட்டைவிரலால் பின்தையலைத் தடவுகிறார் இல்லையா? அதை நான் சும்மா ஓர் அழகுக்காகத்தான் எழுதினேன். இப்போது அந்த விரல் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது. தடவியிருந்தால் தெரிந்திருக்கும். முதல் ஞாயிறே தெரிந்திருக்கும்.

"தெரிஞ்சா அவர் கேட்டிருப்பாரா மாஸ்டர்?"

மாஸ்டர் மெஷினை நிறுத்தினார். "யாரு பிரிச்சாங்கறதைப் பொறுத்து" என்றார். "வேண்டாதவன்னா சண்டை போடலாம். வேண்டியவங்கன்னா..." என்று சற்று யோசித்தார். "இவ்வளவு மெனக்கெட்டு ஒருத்தர் நமக்காகப் பொய் சொல்றாங்கன்னா, அதை மெய்யாக்கிடறதுதான் சார் மரியாதை."

காஜா அக்காவின் ஊசி துணியில் பாதியில் நின்றிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை.

நான் பேன்ட்டை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன்.*

*கைச்சரக்கு என்று முதலில் சொன்னேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டுமா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

7

மூன்று மாதம் முடிந்தது. ரத்தம் கொடுத்தாயிற்று. காகிதம் டாக்டரின் மேசைமேல்.

இதுவரை எல்லாவற்றுக்கும் உங்களுக்கு இரண்டு மூன்று வழி காட்டினேன். இதற்கு மட்டும் காட்டமாட்டேன். மனசு கேட்கவில்லை. மீபுனைவு, அதாவது கதை எழுதுவதையே கதையாக எழுதுகிறவன் என்றால் எண்ணை மாற்றி மாற்றி விளையாட வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒரு மனிதரின் கண் விஷயத்தில் விளையாட நான் தயாராக இல்லை.

ஆறு புள்ளி எட்டு.

"நல்லாக் குறைச்சிருக்கீங்க" என்றாள் டாக்டர். "கண் பரிசோதனையும் சுத்தமா இருக்கு. இதே மாதிரி விடாம பண்ணுங்க. என்ன பண்ணீங்க, நடையா, சாப்பாடா?"

"எல்லாம் பண்ணோம்மா" என்றார் மாஸ்டர். அவர் 'பண்ணோம்' என்றதைக் காஜா அக்கா கவனித்தாள்.

அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல இருந்தது. மூன்று மாதமாகத் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. வெளியே வந்து மருத்துவமனைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பசித்தது. கடைசியாக எப்போது இப்படிப் பசித்தது என்று நினைவில்லை. மாஸ்டர் டப்பாவைத் திறந்தார். இருவரும் படியிலேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கு வழி விட்டுக்கொண்டு, வெள்ளரிக்காயை மெதுவாக மென்றார்கள். அவளுக்கு அதில் உப்பு குறைவாக இருந்ததும் தெரிந்தது, காய் இளசாக இருந்ததும் தெரிந்தது.

(தோழா, கேரட் இல்லை. வெள்ளரிக்காய் பரவாயில்லையா?)

8

அடுத்த ஞாயிறு. இப்போது பழுப்புப் பேன்ட் பெல்ட் இல்லாமல் நிற்காது. பிடித்துத் தைக்க வேண்டும். கடை மூடியிருக்கும் நாள். இருவரும் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தே போனார்கள்.

மாஸ்டர் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஆளுயரக் கண்ணாடியின் முன் நின்றார். வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில். காஜா அக்கா அவருக்குப் பின்னால் மண்டியிட்டாள். ஐந்து குண்டூசிகளை உதட்டுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, தொளதொளவென்று தொங்கிய பின்பக்கத் துணியை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்தாள். எவ்வளவு பிடிக்க வேண்டும்? மொத்தமாகப் பிடித்தால் அளவு தெரியும். ஆனால் அதில் எது தன் பொய், எது அவர் உழைப்பு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம். இன்றைக்குச் சொன்னால் இனி யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

மாஸ்டர் கண்ணாடியில் அவள் தலையை மட்டும் பார்த்தார்.

"மொதல்ல நீ பிரிச்ச முக்கால் அங்குலத்தைப் பிடி" என்றார். "அதுக்கு மேல மிஞ்சுறது என்னுது."

காஜா அக்கா அசையவில்லை. அவள் விரல்கள் துணியைப் பிடித்தது பிடித்தபடி இருந்தன. வாயில் ஐந்து குண்டூசி. பதில் சொல்ல வேண்டும் என்றால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

அவளுக்காக நான் மூன்று பதில் எழுதினேன்.

[அடித்தது: "எப்பலேருந்து தெரியும்?" — இதற்கு அவர் 'முதல் ஞாயிறு' என்பார். நமக்கு அது ஏற்கெனவே தெரியும்.]

[அடித்தது: "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" — மாஸ்டர் எனக்குக் கடையில் சொன்ன பதிலை அவளிடம் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கே ஊசியைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.]

[அடித்தது: "நேரா நில்லுங்க." — மூன்றில் இதுதான் எனக்குப் பிடித்தது. பிடித்திருந்தது என்பதாலேயே அடித்தேன். இது என் குரல், அவளுடையது அல்ல.]

மிஞ்சியது எவ்வளவு என்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். ஆணியில் தொங்கிய பேன்ட்டின் ஐந்தாவது தையல் முதல் தையலைத் தாண்டி உள்ளேதான் இருந்தது. அதை நான் மாற்ற முடியாது. அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

என் மேசைமேல் அந்தக் கிரீம் பிஸ்கட் பாக்கெட் ரப்பர் பேண்ட் போட்டபடி இருக்கிறது. இரண்டாவது பகுதிக்குப் பிறகு தொடவில்லை. பெரிய சபதம் ஒன்றுமில்லை, எழுதுகிற மும்முரத்தில் மறந்துவிட்டேன். மீதி நமத்துப்போயிருக்கும்.

இப்போது அவள் முதல் குண்டூசியை உதட்டிலிருந்து எடுத்துத் துணியில் குத்துகிறாள். இரண்டாவது. மூன்றாவது. அவர் மூச்சை இழுத்துப் பிடிக்காமல், சாதாரணமாக நிற்கிறார். நான்காவதையும் குத்திவிட்டாள். ஐந்தாவது ஊசி இன்னும் அவள் உதட்டில் இருக்கிறது. அதை அவள் எடுத்ததும் என்ன சொல்வாள் என்று, உங்கள் வீட்டில் உங்களுக்காக யார் எதைப் பிரித்துத் தைத்தார்களோ, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.